எந்தப் பிள்ளை இருமவில்லை

கல்லோடைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அப்போது இருபத்திரண்டு குழந்தைகள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிட்டு மலையேறுவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஒருமுறை இறங்கி வருவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்த இருபத்திரண்டும் பாக்கியலெட்சுமியின் பொறுப்பு. நான்கு வருடமாக அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்துநாலாம் வருடம் கார்த்திகை மழையில் அழகையாவின் ஐந்து மாத மகள் இரும ஆரம்பித்தாள். சாதாரண இருமல் இல்லை. மூச்சு விடாமல் பத்துப் பதினைந்து தரம் இருமி, முகம் கறுத்து, கடைசியில் கூவுவது போன்ற சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். மூன்று வாரத்தில் எட்டுக் குழந்தைகள் அதே மாதிரி இருமின. கக்குவான் என்று தொழிலாளர் லயத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

பாக்கியலெட்சுமிக்கும் அதில் சந்தேகமில்லை. அவளைக் குடைந்தது வேறு. எட்டுப் பிள்ளைகளுக்கு வந்த இருமல் மற்றப் பதினாலுக்கு ஏன் வரவில்லை? எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒருவர் எச்சில் இன்னொருவர் மேல் படக் கிடக்கிற குழந்தைகள்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். மேல் லயத்துக்கு ஒரு பீலிக்குழாய், கீழ் லயத்துக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் இருமும் பிள்ளைகளில் பாதி மேலே, பாதி கீழே. பிறகு சன்னல் பக்கத்து ஈரக்காற்று என்று நினைத்துத் தொட்டில்களை இடம் மாற்றிக் கட்டினாள். இருமிய பிள்ளை எங்கே போனாலும் இருமியது; இருமாத பிள்ளை சன்னலடியில் நிம்மதியாகத் தூங்கியது. அடுப்புப் புகையா என்று லயத்து வீடுகளில் ஒவ்வொரு காம்பராவாகப் போய் எட்டிப் பார்த்தாள். புகை இல்லாத காம்பரா ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் வயதைக் கவனித்தாள். இருமுகிற எட்டும் ஒரு வயது நிறையாதவை. நடக்கிற, ஓடுகிற பிள்ளைகள் ஒன்றும் இருமவில்லை. சின்னஞ்சிறுசுகளைத்தான் பிடிக்கிறது போலும் என்று முடிவுகட்டி இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள் கருப்பம்மாவின் மகன் அந்த முடிவைக் கெடுத்தான். அவனுக்கு ஒன்பது மாதம். அழகையாவின் மகளுக்குப் பக்கத்துத் தொட்டில். மூன்று வாரமாக அவள் இருமுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தானே தவிர, ஒரு தும்மல்கூட இல்லை.

பத்து மணிக்குக் கருப்பம்மா பால் கொடுக்க வந்தபோது பாக்கியலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய், கசாயம் ஏதாவது உண்டா, தாயத்துக் கட்டினாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கருப்பம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினாள். பிறகு, பிள்ளை பிறந்ததே இங்கே இல்லை என்றாள். பிரசவத்துக்கு ஹாலிஎலயில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனவள், பிள்ளை நோஞ்சானாக இருந்ததால் ஆறு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள்.

"அங்கன கிளினிக்குல மூணு தரம் ஊசி போட்டாங்கக்கா. ஒவ்வொரு தரமும் தொடை வீங்கி, காய்ச்சல் வந்து, ஒரே அழுக. நான் பட்ட பாடு அது ஒண்ணுதான்."

வீங்கிய தொடை பாக்கியலெட்சுமிக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. முன்பெல்லாம் மாதத்தின் முதல் புதன்கிழமை கைக்குழந்தைகளை மருந்துக் காம்பராவில் நிறுத்துப் பார்த்து ஊசி போடுவார்கள். மறுநாள் பிள்ளைக்காம்பராவில் நிற்க முடியாது. எல்லாம் சேர்ந்து வீறிட்டு அழும். துணியை நனைத்து நனைத்துத் தொடையில் வைத்தே அவளுக்குக் கை மரத்துப்போகும். இந்த வருடம் அப்படியொரு வியாழக்கிழமை எப்போது வந்தது? பொங்கலுக்குப் பிறகு ஒன்று வந்தது நினைவிருந்தது. அதற்கப்புறம் இல்லை. அந்த அமைதி தனக்குப் பிடித்திருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. ஏன் என்று ஒரு நாளாவது அவள் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலையே மருந்துக் காம்பராவுக்குப் போனாள். அங்கிருந்த ஜுனைதீன் பதுளை நகரத்துக்காரர். படித்தது மருந்து கலக்கத்தான் என்றாலும் தோட்டத்தில் அவர் டாக்டரய்யா. அந்த வருடத் தொடக்கத்தில் எத்தனையோ நாடுகளைச் சுற்றிவந்த வாந்திபேதி ஊவாப் பக்கமும் வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் வீட்டுக்குப் போவதே அரிதாகிவிட்டது. அவர் மனைவி மர்லியா கட்டிக்கொடுக்கும் சோறு பதுளையிலிருந்து தோட்டத்து லொறியில் வரும். பெரட்டுக்களத்தில் நின்று ஆயிரம் பேருக்குக் கையில் ஊசி போட்டார். பீலித் தொட்டிகளில் தானே மருந்துப்பொடி கலந்தார். கல்லோடையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. துரையே கைகொடுத்துப் பாராட்டினார்.

அவரிடம் போய் இதைக் கேட்பதா என்று பாக்கியலெட்சுமி வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"ஐயா, கைப்புள்ளைங்களுக்குத் தொடையில போடுற ஊசி கடைசியா எப்ப போட்டீங்க?"

அவர் பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் வாந்திபேதி ஊசிதான். வெகுதூரம் போய் ஒரு விரலை வைத்து நிறுத்தினார்.

"பெப்ரவரி ஆறு," என்றார்.

அவள் தொட்டில்களை மாற்றியது, பீலியைச் சந்தேகப்பட்டது, கருப்பம்மாவின் மகன், எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கக்குவானத் தடுக்கிற ஊசி அது. ரெண்டு மாசத்துக்கு நிறுத்தி வைக்கத்தான் நெனச்சேன். ஊசி போட ஆள் காணாம மருத்துவிச்சியையும் பெரட்டுக்களத்துக்கு இழுத்துட்டேன். புள்ளைங்க நல்லாத்தானே இருந்துச்சு. அதனால யாரும் வந்து கேக்கல்ல, நானும் மறந்துட்டேன்."

மறுநாள் விடிந்ததும் அழகையாவின் மகளையும் தாயையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஜுனைதீன் பதுளைக்குப் போனார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் ஊசிமருந்தோடு திரும்பினார். ஆனால் ஊசிக்கு யாரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. வாந்திபேதி ஊசியில் இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. பிள்ளைகள் இருமிச் சாகிற நேரத்தில் ஊசி வேறா என்று தம்பையாவின் மனைவி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அவளுடைய பிள்ளைக்கு நாலு மாதம்; பிள்ளைக்காம்பராவுக்கு வந்து சில நாள்தான். இன்னும் இருமல் வரவில்லை.

பாக்கியலெட்சுமி யாரோடும் வாதாடவில்லை. அடுத்த நாள் காலையில் தொட்டில்களையும் பாய்களையும் மறுபடி மாற்றினாள். இருமுகிறவை எல்லாம் இடது பக்கம். ஊசி போட்டு முடித்தவை எல்லாம் வலது பக்கம், கருப்பம்மாவின் மகனோடு. பத்து மணிக்கு வந்த தாய்மாரை ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு வரச் சொன்னாள். இடது பக்கம் ஏழு. ஏழுக்கும் ஊசி இல்லை. வலது பக்கம் இருமல் இல்லை. அவரவர் பிள்ளைக்கு எப்போது தொடை வீங்கியது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தம்பையாவின் மனைவி இரண்டு பக்கமும் தேடினாள்.

"எம் புள்ள எங்க?"

"நடுவுல," என்றாள் பாக்கியலெட்சுமி. "அது இன்னும் எந்தப் பக்கமும் சேரல."

தாய் நடுவில் தனியாகக் கட்டியிருந்த தொட்டிலிடம் போனாள். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் காம்பராவை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

தம்பையாவின் பிள்ளைக்குக் கடைசிவரை இருமல் வரவில்லை. இடது பக்கத்துப் பிள்ளைகள் தை பிறக்கும்வரை இருமி, மெல்ல மெல்லத் தேறின. அழகையாவின் மகள் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கையும் காலும் குச்சியாக வீடு வந்தாள். வந்தாளே என்று லயமே கூடிப் பார்த்தது. முதல் புதன்கிழமை ஊசி மீண்டும் தொடங்கியது. அதற்கு முந்தின நாள் ஜுனைதீன் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, பெயர்களை வாசித்து, யார் விட்டுப்போனது என்று பாக்கியலெட்சுமியிடம் கேட்டுக்கொண்டு போவார்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி அவர் வந்திருந்தபோது, மூன்று வயதுப் பையன் ஒருவன் இருமினான். மூன்று ஊசியும் போட்டவன். கூவுகிற சத்தம் இல்லை, லேசான இருமல்தான். ஆனால் இழுத்து இழுத்து, அதே தாளத்தில்.

"மூணும் போட்டவனுக்கு ஏன்யா வருது?" என்று கேட்டாள்.

ஜுனைதீன் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பதுளையில் பெரிய டாக்டரிடம் விசாரித்துச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்.

அவர் போன பிறகு அவள் அந்தப் பையனை மடியில் உட்காரவைத்து, ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் இடையில் அவன் எத்தனை மூச்சு விடுகிறான் என்று எண்ணத் தொடங்கினாள்.