நாலாவது ஆளாக ஒரு ஞாயிறு

பார்மா நகரத்தில் கத்தால்தோவுக்கு அது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. சொந்த ஊர் தெற்கே தரான்தோ. இங்கே தக்காளி ஆலையில் கொதிகலன் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. தக்காளி வந்து இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் முதுகு ஒடியும். ஏழாவது நாள் ஒடிவதற்கு வேலை இருக்காது. அதுதான் பெரிய கஷ்டம்.

காலையில் காலுறைகளைத் துவைத்து ஜன்னலில் போட்டார். மனைவிக்குப் போன் பண்ணினார். "சாப்பிட்டாச்சா? சரி, அக்கா வந்திருக்கா, வைக்கிறேன்" என்றாள். காப்பியை நின்றபடியே குடித்தார். உட்கார்ந்தால் வேறு விலை. நாற்காலிக்கெல்லாம் காசு கொடுக்கிற ஆள் அவர் இல்லை. பேராலயத்துக்குள் குளிர்ச்சியாக இருக்குமே என்று போனார். ஒரு கூட்டம் கூரை ஓவியத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவரும் பார்த்தார். அவ்வளவு உயரத்தில் சாரம் கட்டினவனுக்கு என்ன கூலி கொடுத்தார்களோ, கொடுக்காமலே விரட்டினார்களோ என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. பாலத்தில் நின்று கல்லைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. மத்தியானம்கூட ஆகவில்லை.

அறைக்குப் போகலாம்தான். ஆனால் அறை ரயில் பாதைக்கு மேலேயே இருந்தது. வெக்கை வேறு. மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை. பகலில் அந்தக் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்தால் வேண்டாத நினைப்பெல்லாம் வந்து பக்கத்தில் உட்காரும். வேலை முடிய இன்னும் நாலு ஞாயிறு கிடக்கிறது. யோசித்தாலே காலில் ஈயம் இறங்கியது போல இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மதுக்கடை. கூரையிலிருந்து உப்புப் போட்டு உலர்த்திய பன்றித்தொடை ஒன்று சிவப்பு நாடா கட்டித் தொங்கியது. வாசலில் நின்ற கிழவர் ஒருவர் தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், தொப்பி! உன்னத்தான்! பிரிஸ்கொலா சீட்டு ஆடத் தெரியுமா?"

"எதுக்கு என்னைக் கூப்பிடுறீங்க?"

"நீ அழகா இருக்கேன்னுதான். ஆள் இல்லய்யா! என் கூட்டாளி ரெமிஜோ இடுப்ப ஒடச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கெடக்கான். நாலாவது ஆள் இல்லேன்னா ஆட்டமே கெடையாது. பந்தயத்துக்குக் கட்டித் தொங்கவிட்ட தொடை அந்த ரெண்டு திருடனுங்களுக்குப் போயிரும்."

கத்தால்தோ முதலில் பணப்பையைத் தொட்டுப் பார்த்தார். தெரியாத ஊரில் தானாக வந்து கூப்பிடுகிறவனை நம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் உள்ளே மின்விசிறி சுற்றியது. காலி நாற்காலி ஒன்று இருந்தது. போய் உட்கார்ந்தார்.

கிழவர் பெயர் ஓரேஸ்தே. எதிர்ப்பக்கம் நெல்லோ என்ற குண்டு மனிதனும் ஒரு முடிதிருத்துகிறவனும்.

"தெற்கத்தியானா?" என்றான் நெல்லோ. "ஓரேஸ்தே, கடைசில உனக்கு இந்த கதியா!"

"உங்க ஊர்க் குழாயெல்லாம் தெற்கத்தியான்தான் பத்தவச்சான்" என்றார் கத்தால்தோ. "ஒழுகுதான்னு வீட்ல போய்ப் பாத்துட்டு வா."

கடைக்காரி இவானா கல்லாவில் இருந்தபடி சிரித்துவிட்டாள். "அண்ணனுக்கு வாய் இருக்கு. சீட்டும் வந்தாச் சரி."

பிரிஸ்கொலாவில் கூட்டாளிகள் முகத்தாலேயே ஜாடை காட்டிக்கொள்ளலாம். எதிராளி பார்க்காமல் காட்ட வேண்டும், அவ்வளவுதான். உதட்டைக் குவித்தால் துருப்பு ஏஸ். கண்ணை மேலே உயர்த்தினால் ராஜா. வாயை ஒரு பக்கமாகக் கோணினால் துருப்பு மூன்று. ஏஸுக்கு அடுத்த பெரிய சீட்டு அதுதான். இந்தச் சீட்டில் இனங்கள் கோப்பை, வாள், தடி, காசு என்று நாலு. ஓரேஸ்தே இதையெல்லாம் காதோரம் சொன்னார். "எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றார் கத்தால்தோ.

இரண்டு மணி நேரம் ஆடினார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஜெயித்துச் சமமாக நின்றது. மின்விசிறிக் காற்று பிடரியில் பட்டதும் கத்தால்தோவுக்கு மூன்று ராத்திரித் தூக்கமும் மொத்தமாக இறங்கியது. தொடை மேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. இந்த நாற்காலி மேல்தான். ஆள் சோர்ந்து போனான் என்று தெரிந்தால் வேறு எவனையாவது தெருவிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார்கள். அப்புறம் அந்த அறைதான், சுவர்தான், இன்னும் நாலு ஞாயிறுதான். கண்ணை அகல விழித்துக்கொண்டார்.

கடைசி ஆட்டம். நெல்லோ துருப்பு ராஜாவை இறக்கினான். துருப்பு ஏஸ் முன்பே போய்விட்டது. அடுத்து ஓரேஸ்தே போட வேண்டும். அவர் தலையைத் தூக்கிக் கூட்டாளியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கத்தால்தோவுக்குத் தொண்டையிலிருந்து ஒரு கொட்டாவி கிளம்பியது. விட்டால் தெரிந்துவிடும். பல்லைக் கடித்து அதை அமுக்கினார். அமுக்கின அமுக்கில் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

ஓரேஸ்தேயின் முகம் மலர்ந்தது. துருப்பு மூன்று தன் கூட்டாளியிடம் இருக்கிறது, ராஜாவை அடித்துவிடுவார் என்று நினைத்துப் பதினொரு புள்ளி பெறும் கோப்பை ஏஸைத் தூக்கி நடுவில் அறைந்தார். முடிதிருத்துகிறவன் ஏதோ ஒன்றுமில்லாததைப் போட்டான். கத்தால்தோ போட்டது வாள் நாலு.

"மூணு எங்கய்யா?"

"எந்த மூணு?"

நெல்லோ சீட்டுகளை வழித்து எடுத்துக்கொண்டான். ஆட்டம் முடிந்தது. இவானா நாற்காலி போட்டு ஏறித் தொடையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"வாயக் கோணுனியே! நான் பாத்தேன்! எல்லாரும் பாத்தாங்க!" ஓரேஸ்தே எழுந்து நின்று மேசையைக் குத்தினார். "எவ்வளவு குடுத்தானுங்க உனக்கு?"

"கொட்டாவிங்க அது."

"கொட்டாவின்னா வாயத் தொறந்து விட வேண்டியதுதானே! இங்க என்ன பூசையா நடக்குது?"

"விட்டா தூங்கப் போன்னு சொல்லிருவீங்க." சொல்ல நினைத்தது அதுவல்ல. அசதியில் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "நான் எங்க போவேன்?"

நெல்லோகூடச் சிரிக்கவில்லை. கத்தால்தோவுக்குக் காது சுட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் ஓரேஸ்தே. "தோத்தவன் தப்பிச்சு ஓடுறதா? உக்காரு. இத யாரு பேசித் தீக்குறது? அதுக்கு முந்துன கைல நீ எதுக்குத் தடி ராஜாவ வீணாக்குன?"

"நானா? நீங்கதான் ரெண்டாவது கைலயே துருப்ப வாரி எறச்சீங்க. அப்பவே சொல்லிருப்பேன், வயசானவராச்சேன்னு விட்டேன்."

"வயசா? யாருக்குடா வயசு?"

அப்புறம் அந்தப் பேச்சு முடியவே இல்லை. ஒவ்வொரு கையாக மறுபடி விரித்துப் போட்டார்கள். ஜெயித்த நெல்லோவும் தொடையை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு பேரையும் திட்டினான். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து இவானா விரட்டும்வரை சண்டை ஓயவில்லை.

விடுதித் தெரு முனைவரை ஓரேஸ்தே கூடவே வந்தார், திட்டிக்கொண்டே.

"அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு. தூங்கிட்டு வந்து தொல. வரலேன்னா பயந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

தொடை போனதற்குத் திட்ட இந்தக் கிழவனுக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று கத்தால்தோ நினைத்தார். திட்டிவிட்டுப் போகட்டும். "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.