புதிய பதிப்பை நிறுவும் முறையும் ஆபித் பாயும்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. 2009இல் ஒரு கணினி மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. லினக்ஸில் ஒரு பிரேம்வொர்க்கின் புதிய பதிப்பை நிறுவுவது எப்படி, எளிய தமிழில், இரண்டு பக்கத்துக்குள்.

(பிரேம்வொர்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நிரல் எழுதுகிறவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுத வேண்டாம் என்று வேறு யாரோ முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் சட்டகம். நம் நிரல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். சட்டகத்தை உருவினால் மேலே இருப்பது விழும். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும். அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

எனக்கு லினக்ஸ் அரைகுறை. அதனால் வேலூர் பாகாயத்தில் எங்கள் எதிர்வீட்டு ஹெப்சியிடம் போனேன். அவள் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தவள். கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் அவள் ஒருத்திதான். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இப்போது என்ன பதிப்பு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். புதியதை இறக்க வேண்டும். வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை சரளமாக வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டாள்.

"நாலாவது இன்னா?" என்றேன்.

"இடம் இல்லன்னா பழசை எடுக்கணும். அதை மட்டும் எழுதாதீங்கண்ணா" என்றாள்.

கட்டுரையை நான் அனுப்பவே இல்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பஸ் ஆம்பூருக்குள் நுழையும்போதே அந்த நாற்றம்..."

அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்தக் கதையில் அப்படி ஆரம்பிப்பது ஒருவருக்குச் செய்கிற துரோகம். ஏன் என்று சற்றுப் பொறுத்தால் தெரியும்.

இரண்டாவது: "ஆபித் பாஷா ரொம்ப நல்ல மனிதர்,"

கமாவோடு நின்றுவிட்டது. ரொம்ப நல்லவர் என்று ஆரம்பித்தாலே அவருக்கு ஏதோ ஆகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகத்தான் போகிறது. அவருடைய வேலை போகப்போகிறது. மறைத்து வைத்து விளையாட எனக்கு மனமில்லை.

மூன்றாவது வெறும் தேதி. 2007 ஜனவரி ஒன்று. இதை அடிக்கவில்லை.

3

அந்த வருடம் பக்ரீதும் ஆங்கிலப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்தன. முதலாளி வீட்டில் குர்பானி, ஹெப்சி வீட்டில் சர்ச். ஆபீஸ் மூடியிருக்கும், சர்வரை யாரும் தொடமாட்டார்கள், புதிய பதிப்பைப் போட இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று ஹெப்சி நினைத்தாள். மேனேஜர் நசீர் அகமதுவிடம் கேட்டதற்கு, பண்டிகைக்குக் கிளம்பும் அவசரத்தில், "லீவுதானே, போடுங்க" என்றார்.

லீவு ஆபீஸுக்குத்தான். டேனரிக்கு வருடத்திலேயே பெரிய வேலை அன்றைக்கு மதியம்தான் ஆரம்பிக்கிறது. குர்பானியாக அறுத்த ஆட்டின் தோலை மதரஸாவுக்கோ பள்ளிவாசலுக்கோ கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து அது வேனிலும் லாரியிலும் டேனரிக்கு வந்து சேரும். உப்புப் போட்டதும் வரும், போடாததும் வரும். எது முதலில் கெடுமோ அதை முதலில் ஊறவைக்கும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் முடி கழன்று தோல் குப்பையாகிவிடும்.

பாகாயத்தில் வளர்ந்த பெண்ணுக்கு பக்ரீத் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து தூக்குப்போணியில் வரும் கறி. டேனரியில் அவள் பார்க்கப்போகும் முதல் பக்ரீத் அதுதான். ஆம்பூரிலேயே பிறந்த நசீர் அகமது எப்படி மறந்தார் என்று கேட்டேன். "அவரு ஷூ கம்பெனிலேர்ந்து வந்தவருண்ணா. பச்சைத் தோலைக் கண்டாலே கர்சீப்பை எடுப்பாரு" என்றாள்.

அந்தத் தொட்டி வரிசையைச் சொல்வதற்குத்தான் நிரல் இருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த சூரியபிரகாஷ் எழுதிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். கேட்டில் தோல் இறங்கும்போது எந்த ஊர், எப்போது அறுத்தது, உப்பு உண்டா என்று பதிந்துவிட்டால், அடுத்து எந்த லாட் தோல் தொட்டிக்குப் போக வேண்டும் என்று திரை சொல்லும். யார்டு சூப்பர்வைசர் ஆபித் பாஷா அதைப் பார்த்து ஆட்களை ஏவுவார்.

ஹெப்சி காலையில் போனாள். வட்டில் இடமில்லை. (அவள் எழுதாதே என்றதை எழுதுகிறேன்.) பழசை எடுத்தாள். புதியது பாதியில் நின்று ஒரு லைப்ரரி, அதாவது துணை நிரல், கேட்டது. அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்டது. அதை இறக்கிக்கொண்டிருக்கும்போது இன்டர்நெட் வந்த டெலிபோன் லைன் செத்துப்போனது. சூரியபிரகாஷின் போன் சுவிட்ச் ஆஃப். ஆம்பூரில் பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் பண்டிகைக்குப் பூட்டு. பழசும் இல்லை, புதுசும் இல்லை. முதல் வேன் கேட்டில் ஹாரன் அடித்தபோதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

வேலூருக்குப் போய் வேண்டியதை சிடியில் எழுதிக்கொண்டு வருவதென்று கிளம்பினாள். புதுச் சட்டையில் வந்திருந்த ஆபித் பாஷா யார்டில் நின்றார்.

"பாய், சிஸ்டம் டவுன். சாயங்காலம் வந்துடும். அதுவரைக்கும் நீங்களே பாத்து அனுப்பிடுங்க."

"சாயங்காலம் கண்டிப்பா வந்துடுமா மா?"

"வந்துடும் பாய். உங்களுக்குத் தெரியாத தோலா?"

அவர் சிரித்தார். (சிரித்தார் என்றுதான் ஹெப்சி சொன்னாள். நான் எழுதியிருந்தால் சிரிக்க வைத்திருக்கமாட்டேன்.)

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. டேனரியிலேயே தலை நரைத்தவர், ஒரு நாள் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் என்ன? கெடப்போகிற தோல் முதலில் வாசத்தில்தான் தெரியும். கையால் முடியை இழுத்துப் பார்த்தும் சொல்லலாம், ஆனால் அதில் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். மூக்கு இருந்தால் போதும்.

ஆபித் பாஷாவுக்கு மூக்கு செத்துப் பல வருடமாகியிருந்தது. சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த காற்றில் நின்று நின்று அப்படி ஆகியிருக்கலாம். டாக்டரிடம் அவர் போகவே இல்லை. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்குத்தான் அவர் மனைவி மஹ்பூபிக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாதே என்றார். வாசம் தெரியாத யார்டு சூப்பர்வைசரை எந்த டேனரி வைத்துக்கொள்ளும்? உள்ளூரக் கலங்கிக்கொண்டு வேலைக்குப் போன மனிதருக்கு முன்னால் ஒரு நாள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். வயதானவர்கள் எல்லாம் முணுமுணுத்தபோது இவர் மட்டும் தினமும் தன் கைக்குட்டையால் திரையைத் துடைத்துவிட்டு உட்காருவார். புதுசின்மேல் பெரியவருக்கு எவ்வளவு ஆசை பார் என்று கேலி செய்தார்கள்.

இத்தனை வருடம் யாருமே கண்டுபிடிக்கவில்லையா? நம்பும்படி இல்லையே என்று ஹெப்சியிடம் கேட்டேன்.

"அந்த யார்டுல யாருண்ணா மோந்து பாக்கறாங்க? எல்லாரும் மூக்கை மூடிக்கத்தான் பாப்பாங்க" என்றாள்.

சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

5

சிடி வந்தும் வேலை முடியவில்லை, இன்னொரு லைப்ரரி குறைந்தது. ஊர், நேரம், உப்பு என்று அத்தனை வண்டிகளின் கணக்கையும் நினைவில் வைக்க முடியாமல், ஆபித் பாஷா தோலை வந்த வரிசையிலேயே தொட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது நியாயமான வரிசைதான். ஆந்திராவிலிருந்து உப்பே போடாமல், வெயிலில் தார்ப்பாய்க்கடியில் வெந்து வந்த லாரி கடைசியாக வந்தது. அதனால் கடைசிக்குப் போனது.

மறுநாள் அந்தக் குவியலைப் பிரித்தபோது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. நசீர் அகமது கர்சீப்போடு வந்து சேர்ந்தார்.

"இன்னா பாய் இது? வந்தவுடனே எடுக்க வேண்டிய மால் இது."

"சிஸ்டம் இல்ல சார்."

"சிஸ்டம் இல்லன்னா மூக்கு இல்லையா உங்களுக்கு?"

கோபத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஹெப்சிதான் காரணம் என்று ஆபித் பாஷா கை காட்டியிருக்கலாம், காட்டவில்லை. இதைப் பெருந்தன்மை என்று எழுத என் கை பரபரத்தது. பெருந்தன்மை இல்லை, பயம். அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போனாலும் அதே கேள்வியில்தான் வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார் நசீர் அகமது. கெட்டது ஒன்றும் நல்லது ஒன்றுமாக இரண்டு தோலை எடுத்துவரச் சொன்னார். முடி தெரியாமல் உள்பக்கம் மடித்து வைக்கச் சொன்னார்.

"தொடாதீங்க. மோந்து பாத்து எது போனதுன்னு சொல்லுங்க."

ஆபித் பாஷா குனிந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் முகத்தை அதன் பக்கத்தில் வைத்து மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நல்ல தோலைக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருக்கலாம் என்று ஹெப்சிக்கு இன்றும் தோன்றுகிறதாம். ஆபீஸ் படியில் நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானமே புதிய பதிப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. பழையதைவிட வேகமாக.

6

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். எழுதியும் பார்த்தேன்.

ஒன்றில் டெலிபோன் லைன் சாகவில்லை. ஆபித் பாஷா மாலை போட்டு, தட்டில் கடிகாரம் வைத்து ஓய்வு பெறுகிறார். "இதையே வெச்சுக்குங்களேண்ணா" என்றாள் ஹெப்சி. எனக்கும் ஆசைதான். ஆனால் கதைக்குள் லைனைப் பிழைக்க வைத்தாலும் வேலை போன அந்த மனிதர் இன்னும் வீட்டில் பீடி இலைதான் வெட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றில் ஹெப்சி படியிலிருந்து இறங்கி வந்து, "தப்பு என்னுது சார்" என்கிறாள். அவளே வேண்டாம் என்றுவிட்டாள். "நான் வாயைத் தெறக்கல. தெறந்தேன்னு நீங்க எழுதினா அது எனக்கு அசிங்கம்."

கடைசியாக ஒன்று: "குனிந்தவரின் மூக்கில் அப்போது திடீரென்று,"

இல்லை. அதை முடிக்கமாட்டேன்.

7

முடிவு என்று என்னிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வேலை போன சில வாரங்களில் ஆபித் பாஷா மனைவியின் ஊரான பேரணாம்பட்டுக்குப் போய்விட்டார். ஹெப்சி விசாரித்துக்கொண்டு போனாள். மஹ்பூபி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் இலை வெட்டிக்கொண்டிருந்தார். நீளமும் அகலமும் ஒழுங்கில்லாமல் வெட்டுகிறார் என்று மஹ்பூபி குறைப்பட்டுக்கொண்டாள். குறைதானே தவிரக் குரலில் கோபமில்லை. இப்போதாவது மனுஷன் கலங்காமல் தூங்குகிறார் என்றும் சொன்னாள்.

"சாப்டியா மா?" என்று கேட்டார் ஆபித் பாஷா.

"சாப்ட்டேன் பாய்."

மன்னிப்புக் கேட்கத்தான் ஹெப்சி போயிருந்தாள். பஸ்ஸில் வாக்கியமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அதை எடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அந்தப் புது வெர்ஷன் இப்ப ஓடுதா மா?"

அவர் குசலம் விசாரிக்கவில்லை. அது ஓடினால் தன்னாலும் வேலை பார்க்க முடியும் என்பது அவர் நம்பிக்கை. அது ஓடாத ஒரே ஒரு நாளில்தானே தன்னால் முடியாமல் போனது? ஓடுகிறது என்று ஹெப்சி சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். டேனரி கேட்டில் நிற்பார். உள்ளே விடமாட்டார்கள், அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். பொய்யைக் கேட்டுவிட்டு, சரி, தன் காலம் அவ்வளவுதான் என்று குனிந்து இலையை வெட்ட ஆரம்பித்துவிடுவார்.

அவருக்குப் பின்னால் இருந்த மஹ்பூபி, முறத்திலிருந்து கையை எடுக்காமல், ஹெப்சியைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். ஓடுதுன்னு சொல்ல வேண்டாம் என்று.

ஹெப்சி ஒரு பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதுவதற்கு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அதற்கடுத்து அவர் முகத்தை எழுத வேண்டியிருக்கிறது, என்னால் முடியவில்லை. நான் எழுந்து போகிறேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள், அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.