குறைச் சீட்டு

நான்கு மாதமாக அடுப்படிச் சுவரில் ஒரு சின்ன விளக்கு ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. இன்று அதை அணைக்க ஆள் வந்துவிட்டது.

வந்தவள் மியூசியத்துப் பெண். அமைச்சர் கண்டுபிடித்த கைப்பம்பு, மண்ணில் ஈரம் பார்க்கும் கருவி, ஆற்றில் வெள்ளம் ஏறுவதை முன்கூட்டியே சொல்லும் மிதவை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றியாயிற்று. பாக்கி இருந்தது, பட்டறையில் அவர் உட்கார்ந்து வேலை செய்த நாற்காலி மட்டும்தான்.

அமைச்சர் என்றால், பதவியில் இருந்தது என்னவோ ஆறே வருஷம். தோற்று முப்பது வருஷம் ஆன பிறகும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. தோற்றதற்குக் காரணமும் அவரேதான். எதைச் செய்தாலும் அதன் குறைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுவது, ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த காலத்துப் பழக்கம். 'வேகமாக அடித்தால் கசியும்.' 'இடது கைக்காரருக்குச் சிரமம்.' யார் கேட்டார்கள்? பதவிக்கு வந்தும் மனிதர் திருந்தவில்லை. தான் கொண்டுவந்த தண்ணீர்ச் சட்டத்துக்குப் பதினொரு குறைகள் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு வெளியிட்டார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. அந்தத் தாளையே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தால் இன்றும் குழாயில் தண்ணீர் வருகிறது. அவர்தான் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த முதல் வாரமே மனைவிக்காக ஒன்று செய்தார். மனைவி கணக்கு டீச்சர், எல்லோருக்கும் டீச்சர்தான். பட்டறை இருப்பது கொல்லைக் கோடியில். அவர் உள்ளே இருக்கிறாரா, எங்காவது கிளம்பிவிட்டாரா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் நாற்காலிக்கு அடியில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து அடுப்படி வரை ஒரு கம்பி.

"நான் உக்காந்தா இங்க விளக்கு எரியும்" என்றார், முகமெல்லாம் பெருமையாக.

எரியவில்லை. அவர் உட்கார்ந்தால் அணைந்தது, எழுந்தால் எரிந்தது. நாடு முழுக்கக் குழாய் போட்டவர் ஒரு சுவிட்சைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. தோற்றுப்போய் வந்திருக்கும் மனுஷனிடம் இதையும் வேறு சொல்வானேன்? அதுவுமில்லாமல், விளக்கு எரிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தால், அவர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் டீ தயாராக இருந்தது.

"எப்படித்தான் கரெக்டா வைக்கிற?" என்பார்.

"கணக்கு டீச்சர்னா சும்மாவா?" என்பார் டீச்சர்.

நான்கு மாதத்துக்கு முன்பும் ஒரு சாயங்காலம் விளக்கு எரிந்தது. டீச்சர் டீ போட்டார். அவர் கொல்லையில் பாதி வழியிலேயே விழுந்துவிட்டார். டீ ஆறிப்போயிற்று. அன்றிலிருந்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. எழுந்துவிட்டார், வந்துகொண்டிருக்கிறார். பைத்தியக்காரத்தனம் என்று டீச்சருக்குத் தெரியாமலா? ஆனாலும் அது அணைந்தால் தாங்காது என்று இருந்தது.

"நாற்காலியை எடுத்தா கம்பியைக் கழட்டணும் டீச்சர்" என்றாள் மியூசியத்துப் பெண், பட்டறையில் நின்றபடி. "உங்களுக்கு மனசில்லைன்னா விட்டுடறேன்."

"விட்டுடும்மா. அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்."

"சரி. சீட்டை மட்டும் பாத்து எழுதிக்கிறேன்."

"அதுக்குச் சீட்டு இருக்காது. நான் செஞ்சதுல குறையே இல்லாதது இதுதான்னு சொல்லிட்டே இருப்பாரு."

அவள் நாற்காலியை மெல்லச் சாய்த்து அடியில் குனிந்து பார்த்தாள். "இருக்கே டீச்சர்" என்று படித்தாள்:

"'குறை: விளக்கு தலைகீழாக எரிகிறது. மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீ நேரத்துக்கு வருகிறது. திருத்த வேண்டாம்.'"

டீச்சர் பட்டறை மேஜையைப் பிடித்துக்கொண்டார். முதலில் சிரிப்புதான் வந்தது.

"திருட்டு மனுஷன்" என்றார். "முப்பது வருஷமா என்னை நடிக்க விட்டு வேடிக்கை பாத்திருக்காரு." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு கொல்லையைத் தாண்டி அடுப்படிக்குப் போய் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்தில் டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது, இது எரியாமல் கிடந்த நேரங்களில்தானே. விளக்கு அணைந்திருந்தால் அவர் நாற்காலியில் இருக்கிறார், வேலையில் மூழ்கியிருக்கிறார், கவலையில்லை. இந்த நான்கு மாதமும் டீச்சர் அவரை உட்காரவே விடவில்லை.

ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "நாற்காலியை எடுத்துக்கோம்மா. கம்பியைக் கழட்டிடு."

"விளக்கு அணைஞ்சிடுமே டீச்சர்."

"அணையட்டும். நாலு மாசமா நடந்துட்டே இருக்காரு, பாவம். கொஞ்சம் உக்காரட்டும்."

விளக்கு அணைந்தது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தார்.