மந்திரி பேசிய தமிழ்

இறம்பொடைக்குக் கீழே வீதியின் பாதி பள்ளத்தாக்கில் கிடந்தது. மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வாகனங்களை மட்டும் விட்டார்கள். அமைச்சரின் ஜீப்தான் என்றாலும், எதிரே முக்கி முக்கி ஏறி வந்த பஸ்சும் அதன் பின்னால் மூன்று லொறிகளும் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின் ஆசனத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐவி, மடியிலிருந்த குறிப்புப் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். முன்னால் இருந்த விவசாய அமைச்சர் கண்ணாடியை இறக்கி, நவம்பர் மழை உரித்துப்போட்ட மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடிகள் வேரோடு புரண்டு சிவப்பு மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தன.

"எத்தனை வருஷமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பத்தொன்பது வருஷம், சேர்."

"அப்படியென்றால் எனக்கு முந்தி நிறைய விவசாய அமைச்சர்களைப் பார்த்திருப்பீர்கள்."

ஐவி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். "நீங்கள் ஏழாவது ஆள், சேர்."

அமைச்சர் சிரித்தார். ஐவிக்குப் பக்கத்தில் இருந்த உதவிப் பணிப்பாளர் நிரஞ்சனும் சிரித்துவிட்டு, சிரித்தது சரிதானா என்பதுபோல் முகத்தைத் திருத்திக்கொண்டார்.

ஆறு பேரும் அவளுக்கு நினைவிருந்தார்கள். ஒருவர் கழுவாத கரட்டை அப்படியே கடித்துத் தின்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். ஒருவர் எந்த ஊருக்குப் போனாலும் மாடுகளைப் பற்றியே கேட்டார். இன்னொருவர் இனி இந்த நாட்டில் இரசாயன உரம் இல்லை, மண்ணைத் தாயாக நினையுங்கள் என்று அரை மணித்தியாலம் பேசினார். அதை ஐவி பூண்டுலோயாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னாள். அடுத்த போகத்தில் லீக்ஸ் விரல் தடிப்புக்குத்தான் வந்தது. அந்த அமைச்சர் பதவியை விட்டுப் போன பிறகும், ஐவி கொட்டகலைக் கடைவீதியில் மரக்கறி வாங்கப் போனால், "உரம் இல்லன்னு சொன்ன மிஸ் வாறாங்க" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போயிருந்தாள். அங்கே மண்டபச் சுவரில் பழைய விவசாய அமைச்சர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. கோட்டுப் போட்டவர்கள், பிறகு தேசிய உடை உடுத்தவர்கள். அவர்கள் காட்டை வெட்டியது, தூர்ந்த குளங்களைத் திருத்தியது, காணியில்லாத குடும்பங்களை வண்டி வண்டியாகக் கொண்டுபோய் வயல் கொடுத்துக் குடியேற்றியது எல்லாவற்றையும் விரிவுரையாளர் பெருமையோடு சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தக் காலத்தில் தன்னுடைய பூட்டன் இங்கே தேயிலைக்குள் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்திருப்பார் என்று ஐவி நினைத்தாள். அவரும் காணியில்லாதவர்தான். ஆனால் தேயிலை வேறொரு அமைச்சுக்குச் சொந்தமானது. நெல்லும் மரக்கறியும் குளமும் விவசாய அமைச்சருக்கு. தேயிலை மலையில் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி நடுகிறவர்கள் யாருக்கு என்பதை அன்றும் யாரும் சொல்லவில்லை.

வீதி திறந்தது. ஜீப் நகர்ந்ததும் நிரஞ்சன் அவள் பக்கம் சாய்ந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: "ரோஸ்கிளென் தோட்டத்துல கொஞ்சம் சத்தம் போடுவாங்க. பதிவுள்ள விவசாயிகளுக்கு மட்டுந்தான் நட்டஈடு. தோட்டத்து ஆக்கள் கேட்டா, அது பெருந்தோட்ட அமைச்சுன்னு சொல்லி முடிச்சிருங்க. எல்லாத்தையும் நீட்டி மொழிபெயர்க்க வேணாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. முந்திய கிழமை முழுவதும் சேற்றுக்குள் நடந்து பட்டியல் எடுத்தவர். ஐவி தலையசைத்தாள்.

கூட்டம் புள்ளக்காம்பராவில் நடந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறைதான் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தண்ணீர் ஏறாமல் மிஞ்சிய ஒரே கட்டடம். தொட்டில்களை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். தொட்டில்களுக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் அமைச்சர் உட்கார்ந்தார். அறை கொள்ளாத கூட்டம். ஈரத் துணியின் வாடையும் மண்ணுக்குள் அழுகும் கோவாவின் வாடையும் கலந்து அடித்தன.

முன் வரிசையில் பேச்சியம்மா எழுந்து நின்றாள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், ஐம்பத்தெட்டு வயது. தான் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிவில் முப்பது வருஷமாக மரக்கறி போடுகிறவள். ஐவிக்கு அவளை நன்றாகத் தெரியும்.

"எனக்குச் சுருக்கமா பேச வராது, மிஸ். நான் சொல்றத அப்படியே சொல்லுங்க," என்றாள். "நாப்பத்தோரு குடும்பத்து மரக்கறி மண்ணுக்குள்ள போயிருச்சி. கமநல ஆபிசுல போய்க் கேட்டா, ஒங்களுக்குப் பதிவு இல்ல, நீங்க விவசாயி இல்லங்கிறாங்க. தோட்டத்துத் தொரை ஆபிசுல கேட்டா, தேயிலைக்குத்தான் நாங்க பொறுப்பு, கோவாவுக்கு இல்லங்கிறாங்க. அப்ப நான் யாருன்னு கேளுங்க."

நிரஞ்சன் தொண்டையைச் செருமினார். ஐவி ஒரு சொல்லையும் விடாமல் சிங்களத்தில் சொன்னாள்.

அமைச்சர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். விவசாயியாகப் பதிவதற்குக் காணிப் பத்திரம் வேண்டும், அல்லது காணிக்காரரின் கடிதம் வேண்டும். இந்தக் காணி தோட்டத்துக்கு உரியது. தோட்டம் தன் பொறுப்பில் இல்லை. அந்த அமைச்சரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். ஐவி அதையும் தமிழில் சொன்னாள். இதே வாக்கியத்தை ஏற்கனவே மூன்று நான்கு தடவை இதே மலையில் சொல்லியிருப்பது அவளுக்கு நினைவு வந்தது.

"அப்படின்னா இத அவருகிட்ட காட்டுங்க," என்று பேச்சியம்மா இடுப்பிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே மடிப்புக் கலையாத தடித்த காகிதம். மேலே அரச இலச்சினை, கீழே ஒரு கையெழுத்து. "இவருக்கு முந்தி இருந்த மந்திரி ஒருத்தரு குடுத்தது. நல்ல விவசாயின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. மண்ணு சரிஞ்ச அன்னைக்கு நான் வேற ஒண்ணும் எடுக்கல, இதத்தான் எடுத்தேன்."

அமைச்சர் அதை வாங்கி வாசித்தார். அவருடைய தோளுக்கு மேலாக ஐவியும் வாசித்தாள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் தோட்டத்து மைதானத்தில் பெரிய விழா. மேடையைச் சுற்றி மரக்கறியால் தோரணம் கட்டியிருந்தார்கள். அப்போதைய அமைச்சர் பேச்சியம்மா கொண்டு வந்த கோவாவைக் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய கோவா" என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பேச்சியம்மா இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் ஐவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து ஐவி, "நீங்க ரொம்ப நல்ல விவசாயின்னு சொல்றாரு, அக்கா," என்று சொல்லிவிட்டாள். பேச்சியம்மா அழுதாள். பிறகு அவளுக்குத் தபாலில் ஏதோ சான்றிதழ் வந்ததாக ஐவி கேள்விப்பட்டாள். அதை ஐவி பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள். சிங்களத்தில் இருந்தது. 'அமைச்சரின் வருகையை முன்னிட்டு மேடை அலங்காரத்துக்கு மரக்கறி வழங்கி ஒத்துழைத்த தோட்டத் தொழிலாளி பேச்சியம்மாவுக்கு நன்றி தெரிவிக்கப்படுகிறது.'

அமைச்சர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஐவியிடம் கேட்டார். "இந்த அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது, சேர்."

அமைச்சர் காகிதத்தை மறுபடியும் வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல சான்றிதழ், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று சொல்லுங்கள். பாவம்," என்றார்.

அது இரக்கத்தில் சொன்னதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன் ஐவி காட்டியதும் அதே இரக்கம்தான். அப்படியே சொல்லிவிட்டால் கூட்டம் நல்லபடியாக முடியும். பேச்சியம்மா காகிதத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வாள். எட்டாவது அமைச்சர் வரும்போது மறுபடியும் எடுப்பாள். அப்போதுதான் ஐவிக்கு இன்னொன்று உறைத்தது. இந்தக் காகிதத்தைப் பேச்சியம்மா எத்தனை ஆபிசுகளுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பாள். எத்தனை பேர் இதை வாசித்துவிட்டு, என்ன முகத்தோடு திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

அமைச்சரின் கையிலிருந்த காகிதத்தை ஐவி சுட்டிக் காட்டினாள்.

"அக்கா," என்றாள். "இதுல விவசாயின்னு எழுதல. மேடைய அலங்கரிக்க மரக்கறி குடுத்ததுக்கு நன்றின்னு எழுதியிருக்கு. தோட்டத் தொழிலாளி பேச்சியம்மாவுக்குன்னு."

பின்னால் நின்றவர்கள் காகிதத்தைப் பார்க்க எக்கினார்கள்.

"அன்னைக்கு மந்திரி சொன்னது, எவ்வளவு பெரிய கோவான்னு மட்டுந்தான். நல்ல விவசாயின்னு சொன்னது நான். அவரு சொல்லல."

பேச்சியம்மா அவளையே பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்து நின்ற ஐவிக்கு அந்தப் பார்வை என்னவென்று பிடிபடவில்லை. பேச்சியம்மா எதையோ பின்னோக்கி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

"கமநல ஆபிசுல அந்தப் பொம்பள சிரிச்சது இதுக்குத்தானா," என்றாள் கடைசியில். பிறகு, "உரம் இனிமே இல்லன்னு சொன்னீங்களே. அது யாரு சொன்னது? மந்திரியா, நீங்களா?"

"அது மந்திரி சொன்னது, அக்கா."

"எனக்கு ரெண்டும் ஒரே கொரல்லதான் கேட்டிச்சி."

அமைச்சர் திரும்பி, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஐவி நடந்ததை நடந்தபடி சிங்களத்தில் சொன்னாள். தான் ஒன்பது வருஷத்துக்கு முன் கூட்டிச் சொன்னதையும், இப்போது அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டார். வேலை போகுமா என்று ஐவி நினைக்கவில்லை. குரல் நடுங்காமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

அமைச்சர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"என் தாத்தா கூலிக்கு வயல் வெட்டியவர்," என்றார் பிறகு. "ஒரு விவசாய அமைச்சர்தான் அவரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டுக்குள் இறக்கி, இது உன் காணி என்று சொன்னாராம். அதற்கு முந்தின நாள்வரை அவரும் விவசாயி இல்லை. பத்திரம் வந்த பிறகுதான் விவசாயி. நாங்கள் மூன்று தலைமுறையாக அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறோம்." பேச்சியம்மாவைப் பார்த்து, "பயிர் செய்த காணித் துண்டைக் காட்டச் சொல்லுங்கள்," என்றார்.

ஐவி சொன்னாள். தாத்தாவின் கதையையும் விடவில்லை.

"சறுக்கும். சப்பாத்தக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க," என்றாள் பேச்சியம்மா.

அமைச்சர் சப்பாத்தைக் கழற்றினார். பாதுகாப்பு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லயத்துக்குப் பின்னால் சரிவு கிழிந்து கிடந்தது. பாத்திகளில் பாதி கீழே ஆற்றுக்குப் போயிருந்தது. மிஞ்சிய மண்ணில் லீக்ஸ் நுனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சையாகத் தெரிந்தன. பேச்சியம்மா போகிற போக்கில் குனிந்து, சாய்ந்து கிடந்த ஒரு லீக்சை நிமிர்த்தி மண்ணை அணைத்துவிட்டாள். மந்திரி நிற்கிறார் என்பதற்காகக் கை நிற்கவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் நிரஞ்சனிடம் சொன்னார். "நாற்பத்தொரு பேருடைய துண்டுகளையும் அளந்து எழுதுங்கள். பயிர் செய்பவர் என்ற இடத்தில் இவர்களுடைய பெயர். காணி உரிமையாளர் என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள்."

"வெறுமையாக விட்டால் கொம்பியூட்டர் எடுக்காது, சேர்."

"அதைக் கொழும்பில் நான் கேட்கிறேன்."

ஐவி பேச்சியம்மாவின் பக்கம் திரும்பினாள். "அளந்து எழுதச் சொல்றாரு, அக்கா. மிச்சத்தக் கொழும்புல கேக்கிறேன்னு சொல்றாரு." உடனே சேர்த்துச் சொன்னாள். "கேக்கிறேன்னுதான் சொல்றாரு. குடுப்பேன்னு சொல்லல."

பேச்சியம்மா தலையை ஆட்டினாள். "ம். இப்ப வெளங்குது."

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஜீப் போய்விட்டது. அமைச்சருக்குக் கண்டியில் இன்னொரு கூட்டம். தனக்குத் திரும்பிப் போக வாகனம் இருக்கிறதா என்று ஐவி கேட்கவில்லை. பஸ்சில் போய்க்கொள்ளலாம். நிரஞ்சன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, பக்கத்துப் பாறையில் புத்தகத்தை விரித்து வைத்து எழுத ஆயத்தமானார். அவளிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் அளவு நாடாவின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். மறுமுனையைப் பேச்சியம்மா பிடித்தாள்.

பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. பேச்சியம்மா நாடாவை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். மண் பிளந்த விளிம்பில் போய் நின்றாள்.

"அந்த எடத்துல நில்லுங்க, போதும்," என்று நிரஞ்சன் சத்தமாகச் சொன்னார். "அதோட முடிஞ்சிது."

"எங்க முடிஞ்சிது? எம் பாத்தி இன்னும் ஆறு அடி இருக்கு."

அதற்கு மேல் நிலம் இல்லை. பேச்சியம்மா ஒரு கையால் முறிந்த சவுக்கு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நாடாவோடு விளிம்புக்கு அப்பால் எட்டிய மட்டும் நீட்டினாள். ஐவியின் உள்ளங்கையில் நாடா வெடுக்கென்று இழுபட்டு விறைத்தது. அவள் காலை ஊன்றி அதை இறுக்கிப் பிடித்தாள். மறுமுனை பனிமூட்டத்துக்குள் தெரியவில்லை. விளிம்பைத் தாண்டி நாடா மட்டும் வெறும் காற்றில் நேராக நின்றது.

"அந்த ஆறு அடியையும் எழுதுங்க, சேர்," என்றாள் பேச்சியம்மா.