பாண்டிமீனாவுக்கு என்ன வியாதி

கொட்டாம்பட்டியிலிருந்து ராஜபாண்டி தன் மனைவி பாண்டிமீனாவை மதுரைக்கு அழைத்து வந்தபோது, மனநல மருத்துவர் ஹம்சவேணிக்கு எதுவுமே பிடிபடவில்லை. அது 2002ஆம் வருடம். பாண்டிமீனா திடீரென்று மயங்கி விழுவாள். சரியாகத் தூங்கமாட்டாள். கோபத்தில் தட்டை வீசுவாள்; வீசியது பிறகு நினைவிருக்காது. முன்பு பார்த்த டாக்டர் ஒருவர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருந்தார், இன்னொருவர் மனச்சோர்வு என்றார்.

“எங்காத்தா முனி அடிச்சிருக்குங்குது. எதைத்தான் நம்புறது டாக்டரம்மா?” என்றான் ராஜபாண்டி.

ஹம்சவேணி எடுக்கச் சொன்ன ஸ்கேனில் ஒன்றுமில்லை.

“எப்பவாச்சும் பெருசா ஏதாவது நடந்துச்சாம்மா? விபத்து, அடிதடி?”

“ஒண்ணும் நடக்கல,” என்றாள் பாண்டிமீனா. பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை.

அடுத்த முறை ராஜபாண்டியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஹம்சவேணி கதவைத் தாழிட்டார். பாண்டிமீனாவின் பார்வை அப்படியே நிலைகுத்திப் போனது. கூப்பிட்டால் பதில் இல்லை. பதறிப்போய்க் கதவை அகலத் திறந்தார். வெகுநேரம் கழித்து அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நான் எப்ப இங்க வந்தேன்?”

ஹம்சவேணி கேள்வியை மாற்றினார். “சின்னப் புள்ளையில ஒருநாள் பொழுது உனக்கு எப்படிப் போகும்? எந்திரிச்சதுல இருந்து சொல்லு.”

குழம்பு வைப்பதைச் சொல்வதுபோல் அவள் சொன்னாள். அம்மா செத்தபின் சித்தப்பா வீடு. சாணி அள்ளுவது, தண்ணீர் சுமப்பது. ஏதாவது பிசகினால் பெல்ட். பிறகு நெல் மூட்டை அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சோறு கிடையாது. கல்யாணம் ஆகும்வரை இப்படித்தான்.

“ஒண்ணும் நடக்கலைன்னியே?”

“பெருசான்னுதான கேட்டீக? இது தெனமும் உள்ளதுதான.”

ஒரு விபத்து, ஒரு பயம் என்றால் ஹம்சவேணிக்கு வைத்தியம் தெரியும். இங்கே வளர்ந்ததே பயத்துக்குள் அல்லவா?

“வலிப்பு மாதிரி தெரியல. இதுக்குப் பேரு என்னன்னு எனக்கே இன்னும் தெளிவில்ல. ஆனா தொடர்ந்து அனுப்பி வைங்க, பேசிப் பார்ப்போம்,” என்றார் ராஜபாண்டியிடம்.

நரம்பியல் டாக்டருடன் கலந்துபேசி வலிப்பு மாத்திரையை மெல்லக் குறைத்தார். கதவைத் திறந்து வைத்தே பேசினார்கள். சில மாதங்களில் மயக்கம் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. ஒருநாள் பாண்டிமீனா கேட்டாள்:

“நான் சேட்டை பண்ணுனதுக்குத்தான் அடிச்சாகன்னு இம்புட்டு நாளா நெனச்சேன். அப்படி இல்லையா?”

“இல்லம்மா. தப்பு உம்மேல இல்ல.”

“அப்ப எதுக்கு அடிச்சாக?”

பாண்டிமீனா ஹம்சவேணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.