சிவந்த கரும்பு

தலையிலிருந்த கரும்புக்கட்டை ஜப்பான் துரையின் பூட்ஸ் மேல் போட்டது நான்தான். வேண்டுமென்று அல்ல. துணிப் பஞ்சத்தில் இடுப்பில் சுற்றியிருந்த கோணிச்சாக்கு அந்த நேரம் பார்த்து அவிழ்ந்தது. கரும்பா, மானமா என்று யோசிக்க அவகாசமில்லை. இரண்டு கையாலும் மானத்தைப் பிடித்தேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. அது எனக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் துரை குனிந்து கரும்பைப் பார்த்தார். ஒடிந்த இடத்தில் உள்ளே ரத்தச் சிவப்பு, நடுநடுவே வெளுத்த திட்டு, புளித்த நாற்றம்.

"சியாப்பா பூவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்கும் அளவுக்கு அவருக்கு மலாய் வரும்.

லிங்கி ஆற்றோரத்து எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துக் கரும்பு நட்டது அந்த வருஷம்தான். எங்களுக்குக் கரும்பு நோய் என்ன தெரியும்? ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டோடு வளர்ந்த மூக்குகள். புளித்து நாறினால் ஆசிட் என்றுதான் சொல்லும். ஸ்டோரில் ஆசிட் ஊற்றுகிறவள் பஞ்சாலை. அவள் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போய்த் தகவலே இல்லை. நாங்கள் குடியிருந்த லயமே அவளைச் சந்தேகப்பட்டது; பேச்சு துரை காதுக்கும் போனது. நான் மட்டும் என்ன பெரிய உத்தமன்? நானும்தான்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி சேதி கொண்டுவந்தார். "நாளைக்கு சிரம்பான்லேருந்து லோரி வருது. அந்தப் பொண்ண ஏத்தச் சொல்லிட்டான் தொர."

அந்த லோரியில் ஏறியவர்கள் யாரும் திரும்பியதில்லை. ஸ்டோருக்கு ஓடினேன்.

"பஞ்சாலை, கரும்புல ஆசிட் ஊத்துனியா?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்கண்ணே?"

"நான் நெனைக்கிறது கெடக்கட்டும். ஊத்துனியா, இல்லியா?"

"சாக்கக் கூட ஒழுங்கா கட்டத் தெரியாத ஆளு என்னைய விசாரிக்க வந்துட்டாரு."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

சன்னாசியை இழுத்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குப் போனேன். மழை விட்டபாடில்லை. மேட்டுக் கரும்பைப் பிளந்தோம்: வெள்ளை, தேன். பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். அங்கே பிளந்ததெல்லாம் சிவப்பு.

"தோலப் பாருங்க மண்டோர். ஆசிட் பட்டா மொதல்ல தோலுதானே வேகும்? இது உள்ளுக்குள்ளேயே அழுகியிருக்கு."

சன்னாசி தலையைச் சொறிந்தார். "மழக்காலத்துல பால்மரத்து வெட்டுல பூசணம் புடிக்குமே, அந்த மாதிரியா?"

வருஷா வருஷம் அந்தப் பூசணத்துக்கு மருந்து தடவுகிற எங்களுக்கு, ஈரம் கரும்பையும் கெடுக்கும் என்று தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் ஒரு பெண்பிள்ளையின் பெயர்.

துரை முன்னால் போய், சிவந்த கரும்பை நானே கடித்து மென்றேன். ஆசிட் என்றால் நாக்கு வெந்திருக்க வேண்டும். புளித்த கள் மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, இன்னொரு கடி கடிக்கலாம் போலவே இருந்தது. நான் சாகிறேனா என்று துரை வெகுநேரம் பார்த்தார். அவரை ஏமாற்றிவிட்டேன். பிறகு மேட்டையும் பள்ளத்தையும் தானே நடந்து பார்த்து, பள்ளத்துக் கரும்பை வெட்டிக் கொளுத்து, வடிகாலைத் திற என்றார்.

மறுநாள் லோரி பஞ்சாலை இல்லாமலே திரும்பியது.

வடிகாலைத் திறக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மழையில் மண் சரிந்து அடைத்திருக்கும் என்று மண்வெட்டியைப் போட்டேன். களிமண்ணுக்கு அடியில், அளவாக வெட்டி அடுக்கிய வாழைமரத் துண்டுகள் வந்தன. சுற்றுமுற்றும் பார்த்தேன், நல்லவேளை, சன்னாசி தூரத்தில் இருந்தார். கரையில் பஞ்சாலை நின்றிருந்தாள்.

"வாழைமரம் தானா நடந்து வந்து இங்க படுத்துக்கிச்சா?" என்றேன், குரலைத் தாழ்த்தி. "இப்பவாச்சும் சொல்லித் தொலை. யாரு வேல இது?"

இந்தத் தடவை அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நான்தாண்ணே அடைச்சேன். ஊர்ல எங்கப்பா கரும்புக் கொல்லை இப்படித்தான் தண்ணியில நின்னு செவந்து போச்சு."