பின் இருக்கையின் எடை

ஜம்புநாதன் ஐந்து வருடமாகப் பிளசன்டன் வீட்டுக் கராஜில் கட்டிய விமானம் பறந்தது. அவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு நன்றாகவே பறந்தது. பின் இருக்கையில் மனைவி ஜலஜாவின் எடைக்கு அரிசி மூட்டைகளை வைத்துப் பெல்ட் போட்டபோதுதான் திணறியது. லிவர்மோர் ஓடுபாதையின் கோடியில் இருந்த வேலியை அது தாண்டிய விதத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. பின்னால் உட்காரப்போகும் முதல் ஆள் அவள்தான் என்று, கட்ட ஆரம்பித்த அன்றே வாக்குக் கொடுத்திருந்தார்.

எஞ்சின் மெக்கானிக் வால்ட்டர் ஒரு வழி சொன்னான். அழுத்தம் கூடிய பிஸ்டன்கள் போட்டால் குதிரைத்திறன் ஏறும். ஆனால் பிஸ்டனோடு நிற்காது. சூடு கூடும், பெரிய ஆயில் கூலர் வேண்டும். புது புரொப்பெல்லர் வேண்டும். மலிவான பெட்ரோல் அதன் பிறகு ஆகாது. மொத்தத்தில் ஒரு பழைய டொயோட்டாவின் விலை.

அந்தப் பணம் வங்கியில் இருந்தது, டிசம்பரில் மெட்ராஸ் போவதற்காக. டிக்கெட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் ஜலஜா விமானம் நிற்கும் ஹாங்கருக்கே வந்துவிட்டாள். பயணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அவள் வழக்கப்படி பெட்டி கட்டத் தொடங்கியாயிற்று.

"ஏன்னா, என் பாத்ரூம் ஸ்கேல் எங்க?"

அது விமானத்தின் முன்சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

"வெயிட் பாத்துண்டிருந்தேன்."

"எவ்வளவு இருக்காம்?"

"ஜாஸ்தி."

பிஸ்டனைச் சொன்னார். டிக்கெட்டைச் சொன்னார். வேறு வழியில்லாமல் வேலியையும் சொன்னார்.

"அக்கா பொண்ணு கல்யாணம்னா. நான் போகலேன்னா ஜன்மத்துக்கும் என்னோட பேச மாட்டா."

"தெரியும். உன்னை ஏத்திண்டு போறேன்னும் சொல்லிட்டேனே."

ஜலஜா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின் இருக்கைக்குள் எட்டிப் பார்த்தாள். திறந்து வைத்த சூட்கேஸைப் பார்க்கிற பார்வை.

"பெட்டி வெயிட் ஜாஸ்தின்னா ஏர்லைன்ஸ்காரன்கிட்ட பெரிய எஞ்சினா கேக்கறோம்? இதென்ன, ரெண்டு பேட்டரி?"

"ஒண்ணு போனா ஒண்ணு. இருக்கட்டுமேன்னு."

"இது?"

"கார்ப்பெட். உனக்குக் கால் ஜில்லுனு ஆகுமே."

"இந்த மெத்தை மாதிரி ஒட்டியிருக்கறது?"

"எஞ்சின் சத்தம் கேக்காம இருக்க. அதுவும் உனக்குத்தான்."

மரக் கைப்பிடி, தனி ஹீட்டர், அவரே தைத்த தடித்த குஷன். ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றும் அவளுக்குத்தான்.

"எனக்காக வெச்சு வெச்சு, எனக்கே இடமில்லாம பண்ணிட்டேளே!"

அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

கடைசியில் குஷன் மிஞ்சியது.

"அதையுமா?" என்று கேட்டார்.

"மடிச்ச ஜமக்காளம் போறும்."

மறுநாள் வால்ட்டர் தரையில் கிடந்த குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தான். எனக்கு வரவேண்டிய காசு இங்கே கிடக்கிறது என்றான்.

எடை எங்கே விழுகிறது என்று ஜம்புநாதன் மறுபடி கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை அரிசி மூட்டைகளோடு பறந்தார். இறங்கியதும் ஹாங்கர் போனில் டிராவல் ஏஜென்டைக் கூப்பிட்டார்.

ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், ஜலஜா ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துக்கொண்டாள். மடியில் ஒரு பை.

"அதென்ன?"

"பிளாஸ்க். காபி."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டுமேன்னா."

எஞ்சின் பிடித்ததும் சத்தம் காதை அடைத்தது. ஓட ஆரம்பித்ததும் விமானத் தரையின் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று காலில் அறைந்தது. பின்னாலிருந்து அவள் என்னவோ கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. சக்கரங்கள் தரையை விட்டன. அவர் வேலியைத் தேடினார். அது வெகு கீழே, கோடு போட்டதுபோல், போய்க்கொண்டிருந்தது.

சற்றைக்கெல்லாம் காபி வாசனை வந்தது.